தோட்டா ஏன் சுழல வேண்டும்? திருவொற்றியூர் ‘புல்லட்’ முதல் ஆவடி டாங்கி வரை ஒரு முறுக்கின் கதை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ‘டப் டப் டப்’ என்று போகும் புல்லட் பைக்கை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கம்பெனியின் பழைய சின்னத்தில் ஒரு பீரங்கி இருக்கும். கூடவே ‘மேட் லைக் எ கன்’ என்ற வரி. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்று அர்த்தம்.

இது சும்மா கெத்துக்காகப் போட்ட வரி இல்லை. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு உதிரி பாகங்கள் செய்துகொடுத்த சைக்கிள் கம்பெனி ஒன்று, அந்தப் பெருமையில் 1893-ல் தன் தயாரிப்புக்கு ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயர் வைத்தது. 1955-ல் அந்த நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கியது. அப்படித்தான் ஒரு துப்பாக்கி ஊரின் பெயர் வடசென்னைக்கு வந்தது.

சரி, அந்த என்ஃபீல்டு துப்பாக்கியில் அப்படி என்ன விசேஷம்? பதில் குழலுக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. குழலின் உட்சுவரில் திருகுபோல ஓடும் சில மெல்லிய பள்ளங்கள். இதைத்தான் ‘ரைஃப்ளிங்’ என்கிறார்கள். ‘ரைஃபிள்’ என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான்.

இந்தப் பள்ளம் எவ்வளவு இறுக்கமாகத் திருகியிருக்கிறது என்பதற்கு ‘ட்விஸ்ட் ரேட்’ என்று பெயர். தமிழில் முறுக்கு என்றே சொல்வோம். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால், 1857 கிளர்ச்சிக்குத் தீப்பொறியான தோட்டா, 1914-ல் சென்னையை நடுங்க வைத்த எம்டன் குண்டு, இன்று ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கி என எல்லாவற்றுக்குள்ளும் இந்த ஒரு எண் ஒளிந்திருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

கடலூரில் இறந்த கணித மேதை

முதலில் பள்ளமே இல்லாத வழுவழுப்பான குழல்தான் இருந்தது. அதில் உருண்டையான ஈயக் குண்டைப் போட்டுச் சுடுவார்கள். குண்டு குழலைவிடக் கொஞ்சம் சின்னது. அதனால் வெடித்ததும் உட்சுவரில் இடித்து இடித்துத்தான் வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ, அதைப் பொறுத்துக் கண்டபடி சுழலும். சுழலும் பந்து காற்றில் வளையும் என்பது கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரியும். சேப்பாக்கத்தில் ஆஃப் ஸ்பின்னர் வீசும் பந்து காற்றிலேயே நகர்கிறதே, அதே கதைதான் குண்டுக்கும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் வளைந்தால் குறி எப்படி வைப்பது?

இதைச் சோதனை செய்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742-ல் அவர் எழுதிய நூல்தான் நவீன எறிபொருள் அறிவியலின் தொடக்கம் என்று சொல்லலாம். பெரும் கணித மேதை ஆய்லரே அதை 1745-ல் ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கவுரையும் எழுதினார்.

ராபின்ஸ் ஒரு துப்பாக்கிக் குழலின் முனையை வேண்டுமென்றே இடது பக்கம் லேசாக வளைத்தார். வரிசையாகத் தாள் திரைகளைக் கட்டிச் சுட்டார். குண்டு முதலில் இடது பக்கம் போனது. பிறகு வலது பக்கமாக வளைந்தது! குழலின் வளைவு குண்டுக்குக் கொடுத்த சுழற்சிதான் காரணம்.

அப்படியானால் தீர்வு என்ன? சுழற்சியைத் தடுக்க முடியாது. ஆனால், அது எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். குண்டு போகும் பாதையையே அச்சாக வைத்துச் சுழலவிட்டால் அது எந்தப் பக்கமும் வளையாது. அதற்குத்தான் திருகுப் பள்ளம். எந்த நாடு இதை முழுதாகப் புரிந்துகொண்டு முதலில் தன் படைக்குக் கொடுக்கிறதோ, அது துப்பாக்கி கண்டுபிடிக்கப்பட்டபோது கிடைத்த அளவு மேலாதிக்கத்தைப் பெறும் என்று 1747-லேயே அவர் எழுதினார்.

இதில் நமக்கு என்ன சம்பந்தம்? 1746-ல் பிரெஞ்சுப் படை மெட்ராஸைப் பிடித்தது. 1749-ல் ஊர் திரும்பக் கைக்கு வந்ததும், கோட்டைகளைச் சீரமைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒருவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. அவர்தான் ராபின்ஸ். 1750-ல் இங்கே வந்து சேர்ந்தார். மெட்ராஸின் பாதுகாப்புக்குத் திட்டம் தீட்டினார. ஒரே வருடத்தில் காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29-ம் தேதி கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். அவர் சொன்ன மேலாதிக்கம் நிஜமாக இன்னும் நூறு வருடம் ஆனது.

பம்பரம் விழாத ரகசியம்

உருண்டைக் குண்டுக்கு இருந்த பிரச்சினை வளைந்து போவது. நீளமான, முனை கூரான தோட்டாவுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. அது தலைகுப்புறக் கவிழும்.

தோட்டாவின் எடை பெரும்பாலும் பின்பக்கம் இருக்கிறது. காற்று தள்ளும் விசையோ அதற்கு முன்னால், மூக்குப் பக்கம் விழுகிறது. அதனால் மூக்கு இம்மியளவு விலகினாலும் காற்று அதை மேலும் விலக்கித் தோட்டாவைத் திருப்பிவிடப் பார்க்கும். அம்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் பின்னால் இறகு இருக்கிறது. தோட்டாவுக்கு இறகு இல்லை.

பம்பரம் விட்டவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சும்மா ஆணியில் நிறுத்தினால் பம்பரம் உடனே சாயும். சாட்டையைச் சுற்றி வீசினால் நிற்கும். புவியீர்ப்பு அப்போதும் அதைக் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால், வேகமாகச் சுழல்வதால் பம்பரம் விழுவதற்குப் பதிலாகத் தலையை மெல்ல வட்டமாக ஆட்டுகிறது. சுழற்சி குறையக் குறைய ஆட்டம் பெரிதாகி, கடைசியில் பொத்தென்று விழுகிறது.

தோட்டாவிலும் இதேதான். கவிழ்க்கப் பார்ப்பது புவியீர்ப்பு இல்லை, காற்று. அவ்வளவுதான் வித்தியாசம். போதுமான சுழற்சி இருந்தால் மூக்கு ஒரு சின்ன வட்டம் போட்டு அடங்கிவிடும். இல்லையென்றால் தோட்டா காற்றிலேயே புரளும். இலக்கு அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் விழுந்த நீள ஓட்டை தெரியும். துப்பாக்கிச் சுடும் வீரர்கள் இதற்குச் சாவித்துவாரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

லேத் பட்டறைக் கணக்கு

முறுக்கு என்றால் சரியாக என்ன? ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு லேத் பட்டறைக்காரரிடம் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். இது மரைக் கணக்கு.

ஒரு சாதாரண 10 மி.மீ. போல்ட்டில் நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் அது 1.5 மி.மீ. முன்னேறும். அதுதான் பிட்ச். துப்பாக்கிக் குழலும் உள்மரை போட்ட ஒரு குழாய்தான். ஆனால், பிட்ச் ரொம்ப நீளம். தோட்டா ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதே முறுக்கு. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 1:10 என்று எழுதுவார்கள்.

இங்கே பலரும் குழம்பும் ஒரு இடம் உண்டு. எண் சின்னதாக ஆக, முறுக்கு இறுக்கம். 1:7 என்பது 1:12-ஐவிட வேகமாகச் சுழற்றும்.

குழலில் நான்கு, ஐந்து, ஆறு பள்ளங்கள் இருக்கலாம். பட்டறை மொழியில் இது மல்டி ஸ்டார்ட் திரெட். பள்ளத்தின் எண்ணிக்கை கூடினால் சுழற்சி கூடாது. ஒவ்வொரு பள்ளமும் எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது என்பதே முக்கியம்.

சுழற்சி எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். முதல் உலகப் போரில் பயன்பட்ட லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் முறுக்கு 10 அங்குலம். தோட்டாவின் வேகம் வினாடிக்கு சுமார் 2,440 அடி. வகுத்தால் வினாடிக்கு 2,900 சுற்றுக்கு மேல். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 75 ஆயிரம் சுற்று! நம்ம 350 சிசி புல்லட் பைக் எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் நிமிடத்துக்கு ஆறாயிரத்தை ஒட்டித்தான் நிற்கும்.

அரைச் சுற்றும் ஒரு கிளர்ச்சியும்

இப்போது அந்த என்ஃபீல்டுக்கு வருவோம். 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளின் குழல் நீளம் 39 அங்குலம். அதன் முறுக்கு 78 அங்குலம். அதாவது தோட்டா குழலுக்குள் அரைச் சுற்றுதான் சுற்றும். இன்றைய கணக்கில் அது ரொம்பத் தளர்வு. ஆனால், அந்தத் தோட்டா குட்டையானது, குண்டானது. பின்பக்கம் குழிவாக இருந்ததால் எடை முன்னால் இருந்தது. அரைச் சுற்றே அதற்குப் போதும். வழுவழுப்புக் குழல் துப்பாக்கியில் நூறு கெஜம் தாண்டினால் குறி தப்பும். இதிலோ பல நூறு கெஜத்துக்குக் குறி வைக்க முடிந்தது.

ஆனால், பள்ளம் வேலை செய்ய வேண்டுமென்றால் தோட்டா குழலை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு வாய்ப்பக்கம் போட்டுத்தான் கெட்டிப்பார்கள். கரிமருந்துப் புகைக் கசடு வேறு பள்ளத்தில் படியும். தோட்டா உள்ளே வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக அதைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பு தடவினார்கள். அந்தக் காகித உறையைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 தொடக்கத்தில் படை முகாம்களில் பரவியது. மே 10-ம் தேதி மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு அதற்கு முன்பே எத்தனையோ காரணங்கள் சேர்ந்திருந்தன. ஆனாலும், கடைசித் தீக்குச்சியாக வந்த அந்தக் கொழுப்பு தேவைப்பட்டதே திருகுப் பள்ளத்தால்தான்.

அதே காலத்தில் ஜோசஃப் விட்வொர்த் என்ற பொறியாளரிடம் இந்த ரைஃபிளை மேம்படுத்தச் சொல்லி பிரிட்டிஷ் அரசு கேட்டது. பட்டறைக்காரர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. 55 டிகிரிக் கோணத்தில் வெட்டும் விட்வொர்த் மரையை 1841-ல் வகுத்தவர் இவரே. மரையில் கைதேர்ந்தவர் முறுக்கிலும் கைவைத்தார். தோட்டாவை ஒல்லியாக, நீளமாக மாற்றினார். முறுக்கை 78-லிருந்து 20 அங்குலத்துக்கு இறுக்கினார். 1857-ல் நடந்த போட்டியில் என்ஃபீல்டைத் தூக்கிச் சாப்பிட்டது விட்வொர்த் ரைஃபிள். ஆனாலும், ராணுவம் வாங்கவில்லை. விலை அதிகம். குறுகலான குழலில் கசடு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். குறி மட்டும் சரியாக இருந்தால் போதாது, போர்க்களத்தில் நூறாவது முறையும் தோட்டா உள்ளே போக வேண்டும்.

ஒரே வரியில் ஒரு சூத்திரம்

எவ்வளவு முறுக்கு தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1879-ல் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற கணிதப் பேராசிரியர் ஒரு எளிய வழி சொன்னார். பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும்.

தோட்டாவின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்குங்கள். வருவதை 150-ஆல் பெருக்குங்கள். பிறகு தோட்டாவின் நீளத்தால் வகுங்கள். கிடைப்பதுதான் தேவையான முறுக்கு.

லீ-என்ஃபீல்டின் தோட்டாவைப் போட்டுப் பார்ப்போம். விட்டம் 7.9 மி.மீ., நீளம் சுமார் 32 மி.மீ. கணக்குப்படி 290 மி.மீ. சொச்சம், அதாவது சுமார் பதினொன்றரை அங்குலம். உண்மையான துப்பாக்கியில் 10 அங்குலம். சூத்திரம் சொல்வதைவிடக் கொஞ்சம் இறுக்கம். 140 வருடத்துக்கு மேல் ஆன ஒரு கைக்கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வருவது ஆச்சரியம்தான்.

இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது, அதில் எடையே இல்லை. ‘கனமான தோட்டாவுக்கு இறுக்கமான முறுக்கு’ என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் முக்கியம் நீளம். ஒரே விட்டத்தில் எடையைக் கூட்டினால் நீளமும் கூடுகிறது, அதனால் அப்படித் தோன்றுகிறது. ஈயத்துக்குப் பதிலாக அடர்த்தி குறைந்த செம்பில் செய்த தோட்டா அதே எடைக்கு இன்னும் நீளமாக இருக்கும். அதற்கு இன்னும் இறுக்கமான முறுக்கு வேண்டும்.

குறைந்தாலும் வம்பு, மிஞ்சினாலும் வம்பு

அமெரிக்காவின் எம்-16 ரைஃபிளின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஆரம்பத்தில் அதன் முறுக்கு 1:14. சாதாரண வானிலையில் சமாளித்தது. கடுங்குளிரில் சோதித்தபோது தோட்டா தடுமாறியது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, கவிழ்க்கும் விசையும் அதிகம். 1960-களின் தொடக்கத்தில் முறுக்கை 1:12 ஆக மாற்றினார்கள். பிறகு 1980-களில் நீளமான புதிய தோட்டா வந்தது. இரவில் பாதை தெரிவதற்காக ஒளிர்ந்துகொண்டு போகும் டிரேசர் தோட்டா அதைவிட நீளம். அதையும் தாங்க வேண்டும் என்று முறுக்கை 1:7-க்குக் கொண்டுவந்தார்கள். ஒரே ரைஃபிள், ஒரே விட்டம். முறுக்கு மட்டும் பாதியாகிவிட்டது.

அப்படியானால் சியாச்சினில் நம் வீரர்களின் துப்பாக்கி என்னாகும்? குளிர் காற்றை அடர்த்தியாக்கும். ஆனால், அந்த உயரத்தில் காற்றழுத்தமே ஏறத்தாழ பாதிதான். உயரம் குளிரை ஜெயித்துவிடும். எண்ணூர்க் கடற்கரையில் நிலையாகப் போகும் தோட்டா அங்கே இன்னும் நிலையாகவே போகும்.

சரி, பேசாமல் எல்லாவற்றுக்கும் ரொம்ப இறுக்கமாகவே முறுக்கிவிடலாமே? அங்கேயும் வம்பு இருக்கிறது.

முதலாவது, எந்தத் தோட்டாவும் நூறு சதவீதம் சமச்சீராக இருக்காது. வீல் பேலன்ஸ் இல்லாத கார் எண்பதில் போகும்போது ஸ்டீயரிங் உதறுவதுபோல, சுழற்சி கூடக்கூட அந்தச் சின்னக் குறை பெரிதாகத் தெரியும். இரண்டாவது, மெல்லிய செப்புத் தகடு போர்த்திய இலகுவான தோட்டா, சுழற்சி எல்லை மீறினால் காற்றிலேயே சிதறிவிடும். மூன்றாவது, சுழலும் தோட்டா மெல்லப் பக்கவாட்டில் நகரும். வலப்பக்க முறுக்கு என்றால் வலப்பக்கம். வழக்கமான ராணுவ ரைஃபிளில் ஆயிரம் கெஜத்தில் ஒரு சாண் அளவுக்கு வரும்.

நான்காவது, பீரங்கிக்கு ரொம்ப முக்கியம். அண்ணாந்து சுட்ட குண்டு மேலே போய் வளைந்து இறங்கும்போது மூக்கும் கீழே திரும்ப வேண்டும். அளவுக்கு மீறிச் சுழன்றால் பிடிவாதமாக மேலே பார்த்தபடியே இறங்கும். காற்றைப் பக்கவாட்டில் வாங்கும், தூரமும் குறியும் கெடும்.

அதனால் வடிவமைப்பாளர்கள் ஒரு நிலைத்தன்மை எண்ணை வைத்திருக்கிறார்கள். அது 1-க்குக் கீழே போனால் தோட்டா கவிழும். நடைமுறையில் 1.5-ஐ ஒட்டி வைப்பார்கள். குளிர், மழை, தேய்ந்த குழல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கையிருப்பு.

சினிமாவிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றும் ஒரு நம்பிக்கையையும் இங்கே பார்த்துவிடலாம். ‘அந்தத் துப்பாக்கியில் முறுக்கு கம்மி, அதான் தோட்டா உடம்புக்குள் போய்ப் புரளுது’ என்பார்கள். தண்ணீரின் அடர்த்தி காற்றைவிடச் சுமார் 800 மடங்கு. உடலும் ஏறத்தாழ அப்படித்தான். அவ்வளவு அடர்த்திக்கு எதிராக எந்த முறுக்கும் போதாது. கூர்முனைத் தோட்டா எந்த ரைஃபிளில் இருந்து வந்தாலும் உள்ளே போனதும் புரளத்தான் பார்க்கும்.

1914: துறைமுகத்தில் விழுந்த பாடம்

ராபின்ஸ் சொன்னது பலித்ததை வடசென்னை நேரில் பார்த்த இரவு ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணியை ஒட்டி, ஜெர்மனியின் எம்டன் கப்பல் விளக்கில்லாமல் துறைமுகத்தை நெருங்கியது. தேடுவிளக்கைப் போட்டது. சுமார் 3,000 கெஜத்தில் இருந்து சுடத் தொடங்கியது. இலக்கு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்.

எம்டனில் இருந்தவை 10.5 செ.மீ. பீரங்கிகள், எல்லாம் திருகுப் பள்ளம் கொண்டவை. பீரங்கிக் குண்டு எஃகினால் ஆனது, ஈயம்போல நெளிந்து பள்ளத்தில் பொருந்தாது. அதற்காகக் குண்டின் இடுப்பில் ஒரு செப்புப் பட்டை போட்டிருப்பார்கள். சுடும்போது அந்தச் செப்பு பள்ளத்தில் பதிந்து குண்டைச் சுழற்றும்.

நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். இரண்டு எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்து திருப்பிச் சுட்ட சில குண்டுகள் எம்டனைத் தொடவேயில்லை. அரை மணி நேரத்துக்குள் கப்பல் இருட்டில் மறைந்தது. அடுத்த நாள்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. ‘அவன் பெரிய எம்டன்’ என்ற பேச்சு வழக்கும் அந்த இரவின் மிச்சம்.

ஆடும் கப்பலில் இருந்து, இரவில், இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு தொட்டியை அடிப்பது உருண்டைக் குண்டு காலத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது. ஆனால், அதே அறிவியல் எதிர்ப்பக்கத்திலும் இருந்தது. ஏழே வாரத்தில், நவம்பர் 9-ம் தேதி, கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் தன் பெரிய 6 அங்குலப் பீரங்கிகளால் எம்டனைச் சிதைத்தது.

ஆவடியில் இரண்டு குழல்கள்

இனி இன்றைய கதை. இதில் நம் வரிப்பணமும் இருக்கிறது.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இரண்டு வகை டாங்கிகள் தயாராகின்றன. ரஷ்ய வடிவமைப்பான டி-90 பீஷ்மாவின் 125 மி.மீ. குழல் உள்ளே வழுவழுப்பானது, பள்ளமே கிடையாது. உள்நாட்டு வடிவமைப்பான அர்ஜுனின் 120 மி.மீ. குழலில் திருகுப் பள்ளம் உண்டு. ஒரே வளாகம், இரண்டு கொள்கை. இரண்டின் குண்டுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

1853-ல் வழுவழுப்புக் குழல் பழசு, திருகுப் பள்ளம் புதுசு. இன்று டாங்கியில் ஏன் தலைகீழ்? கிரீன்ஹில் கணக்கே பதில் சொல்கிறது.

கவசத்தைத் துளைக்க இப்போது பயன்படுவது நீளமான ஈட்டி போன்ற டங்ஸ்டன் கம்பி. அதன் நீளம் விட்டத்தைப்போல இருபது மடங்குக்கும் மேல் போகும். கிரீன்ஹில் கணக்குப்படி, நீளம் விட்டத்தைப்போல நாலு மடங்கு என்றால் முறுக்கு விட்டத்தைப்போல முப்பத்தேழு மடங்கு. சௌகரியம். இருபது மடங்கு என்றால் முறுக்கு ஏழரை மடங்குதான். அவ்வளவு செங்குத்தான திருகில் அந்த வேகத்தில் குண்டைத் தள்ளினால் செப்புப் பட்டை பிய்ந்துபோகும். மொத்தத்தில், விட்டத்தைப்போல ஆறு மடங்குக்கு மேல் நீண்டாலே சுழற்சியால் நிலைப்படுத்துவது பெரும்பாடு.

அதனால் பழைய அம்பின் வழிக்கே திரும்பினார்கள். கம்பியின் பின்னால் சிறகு வைத்தார்கள். சிறகு இருந்தால் சுழற்சி தேவையில்லை, சுழன்றால்தான் தொல்லை. குவிவெடி வகைக் குண்டுகளுக்கும் சுழற்சி ஆகாது. சுழன்றால் வெடிப்பில் பிறக்கும் உலோகத் தாரை சிதறி, துளைக்கும் ஆழம் குறையும்.

பிறகு அர்ஜுனுக்கு ஏன் பள்ளம்? ‘ஹெஷ்’ என்ற குண்டு ஒரு முக்கியக் காரணம். இது இலக்கில் மோதியதும் களிமண்போல அப்பிக்கொண்டு, பிறகு வெடிக்கும். சுழன்று வந்தால் நன்றாகப் பரவும். பதுங்குகுழி, கட்டடம் போன்றவற்றை உடைக்க இது கெட்டி. பிரிட்டனின் டாங்கி மரபு இது. அர்ஜுனின் வடிவமைப்பு தொடங்கிய 1970-களில் அது நியாயமான தேர்வு.

சிறகு வைத்த கம்பியை அர்ஜுனாலும் சுட முடியும். அதற்கு வழுக்கும் பட்டை ஒன்றைச் சுற்றுகிறார்கள். பட்டை பள்ளத்தைப் பிடித்துச் சுழலும், உள்ளே இருக்கும் கம்பி பெரிதாகச் சுழலாமல் வெளியே போகும். இந்த வகைக் கம்பிகளுக்கான டங்ஸ்டன் கலவை தயாராவது நம்ம திருச்சியில், கன உலோகக் கலவை ஊடுருவித் திட்ட ஆலையில்.

ஆனால், இந்தத் தேர்வுக்கு விலை உண்டு. உலகில் பெரும்பாலான டாங்கிகள் வழுவழுப்புக் குழலுக்குப் போய்விட்டன. பிரிட்டனே தன் அடுத்த டாங்கியான சேலஞ்சர்-3-ல் பள்ளத்தைக் கைவிட்டுவிட்டது. புதிய குண்டு வேண்டுமென்றால் உலகச் சந்தையில் இருந்து எடுத்துப் போட முடியாது. அர்ஜுனுக்கென்றே தனியாக உருவாக்க வேண்டும். 2021 செப்டம்பரில் ஆவடிக்கு 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் கொடுக்கப்பட்டது. அவை ஓடும் காலம் முழுவதும் இரண்டு குண்டு வரிசை, இரண்டு கிடங்குக் கணக்கு, இரண்டு பயிற்சி. குழலின் உட்சுவரில் ஐம்பது வருடத்துக்கு முன் எடுத்த முடிவு இது.

முறுக்கே சாட்சி, முறுக்கே பதக்கம்

பள்ளத்துக்கு யாரும் திட்டமிடாத ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. குழலைவிட்டு வரும் ஒவ்வொரு தோட்டாவிலும் பள்ளத்தின் கீறல் பதிகிறது. எத்தனை பள்ளம், இடமா வலமா, எவ்வளவு சாய்வு என்று பார்த்தாலே துப்பாக்கியின் வகையைத் தடயவியல் நிபுணர் சுருக்கிவிடுவார். லீ-என்ஃபீல்டு என்றால் ஐந்து பள்ளம், இடப்பக்க முறுக்கு. அதன் பிறகு மைக்ராஸ்கோப்பில் நுண்கீறல்களை ஒப்பிட்டு, குறிப்பிட்ட துப்பாக்கியைத் தேடுவார்கள். கொலை வழக்கில் ஒருவர் குற்றவாளியா, நிரபராதியா என்பது சில சமயம் இந்தக் கீறலில் தொங்குகிறது.

விளையாட்டிலும் இது உண்டு. ராபின்ஸ் இறந்த கடலூரில் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் களமிறங்கியவர். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மி.மீ. அதில் பயன்படும் 4.5 மி.மீ. ஈயக்குண்டுக்கு இடை சிறுத்து, பின்பக்கம் பாவாடைபோல விரிந்திருக்கும். ஷட்டில்காக்கின் இறகுபோல அந்த விரிவும் குண்டை நேராக வைக்கிறது, குழலின் மெல்லிய முறுக்கும் வைக்கிறது. டாங்கியில் சண்டைபோடும் இரண்டு கொள்கையும் இங்கே சமாதானமாக ஒரே குண்டில் இருக்கின்றன.

அடுத்த முறை ‘ராணுவத்துக்குப் புதிய ரைஃபிள்’, ‘புதிய டாங்கிக்கு டெண்டர்’ என்று செய்தி வந்தால், விலையோடு சேர்த்து இன்னும் இரண்டைத் தேடிப் பாருங்கள். குழலில் பள்ளம் உண்டா? உண்டென்றால் முறுக்கு எவ்வளவு? அது எவ்வளவு நீளமான தோட்டாவுக்காகப் போடப்பட்டது என்று கிரீன்ஹில் கணக்கை வைத்து நீங்களே மொபைல் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிடலாம். அந்தக் குழலுக்கு இன்னும் முப்பது, நாற்பது வருடம் எந்தத் தோட்டாவை வாங்கப் போகிறோம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.